விட்டுவிடுவார்கள் என்று சொன்னது நான்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. மலையகத்தில் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு கொழுந்துக் கூடைதான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓடியதிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் நன்றாக நினைவில் இருக்கிறது.

ஓடுகிறோம். இரண்டாயிரத்து ஒன்பது. மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி இருக்கும். வெளிச்சம் வந்துவிட்டது. இடப்பக்கம் கடல். வலப்பக்கம் களப்புத் தண்ணீர். நடுவில் மணல். மணல் முழுக்க ஆட்கள். தூரத்தில் ‘டும்’ என்று கேட்கிறது. அது ஷெல் குத்துகிற, அதாவது ஏவுகிற சத்தம். அதற்குப் பிறகு எண்ண வேண்டும். ஒன்று. இரண்டு. மூன்று. பதினொன்று வரை எண்ணிவிட்டால் தலைக்கு மேலே போய்விட்டது. ஏழில் விசில் சத்தம் வந்தால் அது நமக்கு.

"குத்துறான்! குத்துறான்! படுங்கோ!"

படுக்கிறோம். எழும்புகிறோம். ஓடுகிறோம்.

என் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியில் கொஞ்சம் அரிசி, அடையாள அட்டைகள், ஒரு போர்வை. என் கணவர் முத்தையா முன்னால் போகிறார். மகன் ரவி அவருக்குப் பின்னால். பத்தொன்பது வயது. மூத்தவள் லதா என் கையைப் பிடித்திருக்கிறாள். பக்கத்துப் பதுங்குகுழி மேரியும் எங்களோடு ஓடுகிறாள். மேரி கடற்கரை ஆள். வேதக்காரி, கிறிஸ்தவள். அவள் புருஷன் மாசி மாதமே செத்துவிட்டார். ஒரே மகன் அன்ரன். அவனுக்கும் பத்தொன்பது. ஞாயிறு என்று எனக்குத் தெரிந்ததே மேரியால்தான். ஓடும்போதும் அவள் "இண்டைக்குப் பூசை நாள், இண்டைக்குப் பூசை நாள்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

எங்கள் பதுங்குகுழிக்கு மண்மூட்டை என் கல்யாணக் கூறைச் சேலையில் தைத்தது. சாக்கு தீர்ந்துபோனது. எல்லோரும் சேலையைத்தான் வெட்டினோம். நூல் சேலை ஈரத்தில் கிழிந்துவிடும். பட்டு தாங்கும். அதெல்லாம் எனக்குத் தெரியும்.

டும்.

எண்ணினேன். ஏழில் விசில் வந்தது. படுத்தேன். மண் முதுகில் கொட்டியது. காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். வேறு சத்தம் இல்லை. எழும்பினேன். முத்தையா எழும்பவில்லை. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. முதுகில்தான். ரவி அவரைத் தூக்கப் பார்த்தான். பின்னால் வந்தவர்கள் கத்தினார்கள்.

"விட்டிட்டு வாங்கோ! தம்பி, விட்டிட்டு ஓடு!"

விட்டுவிட்டு வந்தோம். மேரி தன் தோளில் கிடந்த துவாய்த் துண்டை எடுத்து அவர் மேல் போட்டாள். துவாய் போதவில்லை. கால் வெளியே தெரிந்தது. நான் அழவில்லை. வாளியைப் பார்த்தேன். வாளி உடையவில்லை. அதை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் இந்த வன்னியில் பிறந்த ஆட்கள் இல்லை. மலையகத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். எழுபத்தேழில் தோட்டத்துக்குள் கும்பல் வந்தது. பகல் இரண்டு மணி. கொழுந்து நிறுக்கிற நேரம். முன்னால் ஒரு பிக்கு நடந்து வந்தார். அவர் யாரையும் அடிக்கவில்லை. எங்கள் லய வீடுகளைக் கையால் காட்டினார். இது புத்தரின் நாடு, இவர்கள் வந்தேறிகள் என்றார். எனக்குச் சிங்களம் பேசத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் எனக்கு அவர் சொன்னது உடனே விளங்கியது. மற்றவர்களுக்கு நெருப்பு வந்த பிறகுதான் விளங்கியது.

கீழ்க் கிராமத்துச் சோமாவதி என்னையும் முத்தையாவையும் தன் விறகுக் கொட்டிலில் இரண்டு நாள் ஒளித்து வைத்தாள். சிங்களத்தி. நானும் அவளும் ஒரே பீலியில் தண்ணீர் எடுத்தவர்கள். கும்பல் அவள் வாசலில் வந்து கேட்டது. கொட்டிலில் குட்டி போட்ட நாய் கிடக்கிறது, கையை விட்டால் கடிக்கும் என்றாள். சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் வன்னிக்கு லொறி ஏறினோம். காடு வெட்டினோம். பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள்.

சிங்களவர் என்றால் எனக்கு அந்தப் பிக்குவும் ஞாபகம் வருவார். சோமாவதியும் ஞாபகம் வருவாள். அந்த ஞாயிறு பாலத்தடியில் எனக்குச் சோமாவதிதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

பாலம். காலை பத்து மணி இருக்கும். வெயில் ஏறிவிட்டது. தண்ணீரில் ஆட்கள் மிதக்கிறார்கள். பார்க்காமல் நடக்கிறோம். பாலம் தாண்டினால் முள்கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் இராணுவம். ஒலிபெருக்கியில் யாரோ தமிழில் சொல்கிறார்கள். காற்று அள்ளிக்கொண்டு போகிறது. பிள்ளைகள் அழுகிற சத்தம். பின்னால் இன்னும் டும், டும். ஒலிபெருக்கி சொன்னது ஒரு வரியும் காதில் ஏறவில்லை.

கம்பியருகே ஒரு சிப்பாய் நின்றான். இளம் வயது. மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. தமிழ் தெரியாது. கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறான். ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் சிங்களத்தில் தண்ணீர் கேட்டேன். அவன் திடுக்கிட்டான். போத்தலை நீட்டினான். லதாவுக்குக் குடிக்கக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம்தான் பேசினான்.

அவன் சொன்னது இவ்வளவுதான். இயக்கத்தில் இருந்தவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டும். ஒரு நாள் இருந்தாலும் வர வேண்டும். பெயர் பதிய வேண்டும். பஸ்ஸில் ஏற வேண்டும். இதை அவர்களுக்குச் சொல்லுங்கள் என்றான்.

நான் கேட்டேன். பதிந்த பிறகு?

அவன் பஸ்ஸைப் பார்த்தான். "தெரியாது, அம்மே" என்றான்.

ரவியும் அன்ரனும் இயக்கத்தில் இருந்தவர்கள்தான். தை மாதம் வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கத்தார் பிடித்துப் போனார்கள். நாங்கள் காலில் விழுந்தும் விடவில்லை. நாற்பது நாளில் இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள். பிறகு பதுங்குகுழியை விட்டு வெளியே வரவே இல்லை. இயக்கத்திடமிருந்தும் ஒளிந்தோம். இராணுவத்திடமிருந்தும் ஒளிந்தோம்.

நான் திரும்பினேன். எனக்குப் பின்னால் நூறு பேர் இருப்பார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. தோட்டத்தில் கங்காணி பேசுவார். வீட்டில் முத்தையா பேசுவார். நான் நாலு பேர் முன்னால் வாய் திறந்தவள் இல்லை. அன்றைக்கு உரக்கச் சொன்னேன்.

"பதியச் சொல்றாங்க! இயக்கத்துல ஒரு நாள் இருந்தவங்களும் பஸ்ஸுல ஏறணுமாம்! பதிஞ்சிட்டு விட்டுடுவாங்களாம்!"

கடைசியில் உள்ளது அவன் சொல்லவில்லை. நான் சேர்த்தேன்.

ஏன் சேர்த்தேன் என்று இத்தனை வருஷம் யோசித்தாயிற்று. ரவியின் முகம் வெளுத்திருந்தது. அப்பாவை மணலில் விட்டுவிட்டு வந்த முகம். அவனுக்கு நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்தச் சிப்பாய் தண்ணீர் கொடுத்தான். அம்மே என்றான். அவ்வளவுதான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ரவி முதலில் போனான். "வாளிய வுட்றாதம்மா, அட்டையெல்லாம் அதுலதான் இருக்கு" என்றான். அவன் பேசிய கடைசிப் பேச்சு அது. மேரி அன்ரனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உண்மையாத்தான் சொன்னவனோ? விடுவம் எண்டு சொன்னவனோ?"

"ஆமா மேரி. சொன்னான். எம் புள்ளையே போறான் பாரு."

மேரி கையை எடுத்தாள். அன்ரன் போனான். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். புருஷன்மாரை அனுப்பினார்கள். நான் கம்பியருகேயே நின்றேன். ஒவ்வொருவரும் என்னைத் தாண்டித்தான் போனார்கள். பதினொரு மணி இருக்கும், பஸ் வெளிக்கிட்டது.

முகாமில் இரண்டு வருஷம். அதை எழுதவில்லை. மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது மலேசியாவில் இருக்கிறேன். கெடா மாநிலம், கோலா கெத்தில் பக்கம். லதாவின் புருஷன் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். நான் டவுனில் ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிக்கிறேன். முதலாளி நல்ல மாதிரி. "ஒங்க ஊரு சண்டைல எல்லாரும் அழுதாங்க. நீங்க என்னா பாட்டி, இவ்வளவு வெங்காயம் உரிச்சும் ஒரு சொட்டு வர்ல?" என்று கேலி செய்வார். நானும் சிரிப்பேன். உண்மைதான். வருவதில்லை.

மேரியும் கெடாவுக்கே வந்து சேர்ந்தாள். அவள் கோத்தா கோலா மூடாவில் இருக்கிறாள். ஆற்று முகத்துவாரம். மீன் பிரிக்கிற கொட்டகையில் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு சுங்கை பட்டாணியில் தேவாலயத்துக்கு வருவாள். நான் சைவம். ஆனாலும் மேரிக்காகப் போவேன். பூசை முடிந்து பின்பக்கம் தேநீர் கொடுப்பார்கள். இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்திருப்போம்.

"தேயிலைத் தோட்டத்தில பிறந்தனீ எண்டு சொல்லுறாய். ஒரு தேத்தண்ணி ஒழுங்கா ஊத்தத் தெரியேல்ல" என்பாள்.

"நீ மட்டும்? கடக்கரையில பொறந்துட்டு மீனப் பார்த்தா மூக்கப் பொத்துற" என்பேன்.

எங்களுக்கு வேறு ஆள் இல்லை.

கார்த்திகையில் இறந்தவர்களுக்காகப் பூசை கேட்பார்கள். ஒரு தாளில் பெயர் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் மேரி புருஷனின் பெயரை எழுதுவாள். முத்தையாவின் பெயரையும் எழுதுவாள். வேதத்தில் சேராதவர் என்றாலும் போடலாம் என்று சாமியார் சொன்னாராம். அன்ரனின் பெயரை எழுதமாட்டாள். செத்தவர்களின் பெயரைத்தானே எழுத வேண்டும் என்பாள்.

கனடா போக மேரிக்கு இரண்டு தரம் அழைப்பு வந்தது. அங்கே அவள் தங்கச்சி இருக்கிறாள். இரண்டு தரமும் கையெழுத்துப் போடவில்லை.

"விடுவம் எண்டு அவன் வாயால சொன்னவன், அக்கா. நீ கேட்டனிதானே. பெடியன் வெளியில வந்தா கிட்ட எண்டு முதல்ல இஞ்சதான் தேடுவான். நான் கனடாவில பனிக்குள்ள போயிருந்தா ஆரைக் கேட்பான்?"

நான் தேநீரைக் குடிப்பேன். முகாமிலும் இங்கேயுமாகப் பதினாறு வருஷம் குடித்தேன்.

இந்த வருஷம் தெரேசா டீச்சர் ஒரு கூட்டம் வைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்த ஊர்ப் பெண். எங்களைப் போன்றவர்களுக்கு விண்ணப்பப் பாரம் எழுதித் தருவார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். பாலிங் பக்கம் சயாமியர்களின் புத்தர் கோவில் ஒன்று இருக்கிறது. அங்கே எங்கள் நாட்டிலிருந்து ஒரு பிக்கு வந்து தங்கியிருக்கிறார் என்றார். நல்லிணக்கத்துக்காக நாடு நாடாகப் போகிறாராம். பிள்ளைகளைத் தொலைத்த அம்மாமார்களைப் பார்த்துப் பேச வேண்டும் என்று அவரே கேட்டாராம்.

அந்தச் சயாமியர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. பாசார்ச் சந்தையில் ஒரு சயாமியக் கிழவி எனக்குக் கீரையை அள்ளித் தருவாள். ஆனாலும் பாலிங் போகும்போது அந்தக் கோவில் வந்தால் நான் மறுபக்கம் பார்ப்பேன். காவித்துணி கொடியில் காயும். 

"ஆண்டி, நீங்கதான் வந்து மொழிபெயர்க்கணும். அவருக்குத் தமிழ் வராது லா, இங்கிலீசும் கொஞ்சந்தான். இந்தக் கெடாவுல சிங்களம் தெரிஞ்ச ஆளு ஒங்கள விட்டா யாரு?"

"எனக்குக் கூட்டத்துல பேச வராது டீச்சர்."

"பேச வேணாம். அவரு சொல்றத சொல்லுங்க, இவங்க சொல்றத சொல்லுங்க. சூசாவே இல்ல, கஷ்டமே இல்ல. ஒரு மணி நேரந்தான்."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. தெரேசா டீச்சர் லதாவின் பிரசவத்துக்கு மூன்று நாள் கூட இருந்தவர்.

சனிக்கிழமை. காலை பதினொரு மணி. தேவாலய மண்டபம். மின்விசிறி ‘கடக் கடக்’ என்று சுற்றுகிறது. அம்மாமார் பன்னிரண்டு பேர். பிக்குவுக்கு அறுபது வயது இருக்கும். சளித் தடிமன் பிடித்திருந்தது. ஒரு வெள்ளைத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஒரு கதிரை தள்ளி உட்கார்ந்தேன்.

அன்று காலையிலேயே ஒன்று முடிவு செய்திருந்தேன். ஒரு சொல் கூட்டமாட்டேன். ஒரு சொல் குறைக்கமாட்டேன்.

அவர் முதலில் சொன்னார். போரில் எல்லா அம்மாமாரும் அழுதார்கள். என் தங்கை மகன் சிப்பாய். அவனும் வீடு வரவில்லை. உடம்பும் வரவில்லை. தங்கை இன்றைக்கும் கதவைப் பூட்டுவதில்லை.

அதைச் சொன்னேன்.  அம்மாமாரில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

பிறகு சொன்னார். நம் நாடு புத்தரின் காலடி பட்ட பூமி. அதைக் காக்கும் பொறுப்பைப் புத்தர் சிங்களவருக்குக் கொடுத்தார். அந்தப் பூமியில் நீங்களும் பயமில்லாமல் இருக்கலாம். நாங்கள் இடம் தருவோம்.

அதையும் சொன்னேன். மண்டபத்தில் கதிரைகள் கிறீச்சிட்டன. "ஆர் ஆருக்கு இடம் குடுக்கிறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தெரேசா டீச்சர் என் காதருகே குனிந்தார்.

"ஆண்டி, அவரு அப்படியேவா சொன்னாரு? கொஞ்சம் நல்ல மாதிரியா சொல்லுங்க லா. எல்லாரும் ஒண்ணா வாழலாம்னு சொன்னா போதும். இவ்ளோ தூரம் வந்திருக்காரு, நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்தான், டீச்சர். ஆனா அப்படித்தான் சொன்னாரு."

ஒரு அம்மா எழுந்தாள். எங்கள் கோவில் அரச மரத்தடியில் இருந்தது, பிள்ளையாரை எடுத்துவிட்டு இப்போது அங்கே விகாரை கட்டியிருக்கிறார்கள், சனத்தை உள்ளே விடுவதில்லை, ஏன் என்று கேட்டாள். சொன்னேன். பிக்கு யோசித்தார். அரச மரம் இருந்தால் அது முன்னொரு காலத்தில் எங்கள் இடமாக இருந்திருக்கும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மெல்லத்தான் சொன்னார். அதையும் மெல்லத்தான் சொன்னேன். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மேரி எழுந்தாள்.

"அக்கா, அவரைக் கேள். என்ர பெடியன் எங்க? பதிஞ்சிட்டு விடுவம் எண்டு அவையின்ர ஆமிதான் சொன்னது. சொல்லிப்போட்டு ஏன் விடேல்ல? அதை மட்டும் கேள்."

பிக்கு என்னைப் பார்த்தார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

சிங்களத்தில் தொடங்கினேன். ‘உங்கள் சிப்பாய் சொன்னான்’ வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அந்தச் சொல் எந்தச் சிப்பாயின் வாயிலும் இருந்ததில்லை. அவர் கையில் கொடுத்துப் பதில் கேட்க முடியாது. அவர் "என்ன அம்மே?" என்றார். மின்விசிறிச் சத்தம் கேட்டது. நான் மேரியின் பக்கம் திரும்பினேன்.

"மேரி. அவன் அப்படிச் சொல்லல."

"ஆர் சொல்லேல்ல?"

"அந்தச் சிப்பாய். பதியணும், பஸ்ஸுல ஏறணும், அம்புட்டுத்தான் சொன்னான். பொறவு என்னா ஆகும்னு கேட்டேன். தெரியாதுன்னான். விட்டுடுவாங்கன்னு நான்தான் சொன்னேன்."

மேரி அசையவில்லை.

"நான் உன்னைத் திருப்பியும் கேட்டனான்."

"கேட்ட."

"ஓம் எண்டனீ."

"ஆமா."

"உன்ர பெடியனையும் அப்பிடித்தானே அனுப்பினனீ?"

"ஆமா."

மேரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிக்கு என்ன நடக்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன். சிப்பாய் சொன்னதையும் நான் சேர்த்ததையும் பிரித்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அது உங்கள் பாவம் அல்ல அம்மே, எல்லோருக்கும் அவரவர் கர்மம் என்றார். சொல்லித்தானே ஆக வேண்டும். அதையும் மேரியிடம் சொன்னேன்.

"அவரை வாயைப் பொத்தச் சொல்லு" என்றாள் மேரி.

அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அவர் வாயை மூடிக்கொண்டார். தலையைக் குனிந்தார். கடைசிவரை நிமிரவில்லை.

மேரி மீன் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். அடுத்த மாதம் பூசைக்கு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. நான் போனேன். தேநீர் வாங்காமல் திரும்பினேன். லதாவுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. ரவி அவள் தம்பி. மூன்று நாள் எனக்குச் சோறு மட்டும் போட்டாள்.

மூன்றாவது மாதம் ஒரு நாள், பகல், பஸ் பிடித்து மேரி தோட்டத்து வீட்டுக்கு வந்தாள். குடை, ஒரு துணிப்பை. உள்ளே வரச் சொன்னேன். வாசல் பலகையிலேயே உட்கார்ந்தாள். தேநீர் ஊற்றினேன். தொடவில்லை. ஈ வந்து விழுந்தது.  கேலியும் செய்யவில்லை.

"கனடாப் பேப்பரில கையெழுத்து வைச்சிட்டன்" என்றாள்.

"எப்ப?"

"போன கிழமை. ஐப்பசியில போறன்."

 நான்தான் கேட்டேன்.

"அன்ரன் பேர பூசைக்குக் குடுத்துட்டியா?"

"குடுக்கேல்ல. குடுப்பன் எண்டும் சொல்லேல்ல. அது என்ர பாடு. நீ கேளாதை."

பிறகு சொன்னாள். "நீ ஒண்டு செய். எழுது. அண்டைக்கு என்ன நடந்தது, அவன் என்ன சொன்னவன், நீ என்ன சொன்னனீ, ஆர் ஆர் ஏறினவை, எல்லாம் எழுது. ஆமி விட்ட பிழையளை எழுத ஆக்கள் இருக்கினம். நீ விட்ட பிழையை நீதான் எழுத வேணும். என்னைப் போல இன்னும் ஆராவது வாசல்ல குந்திக்கொண்டு இருப்பினம், விடுவம் எண்டு சொன்னவங்கள் எண்டு."

"எனக்கு எழுத வராது மேரி."

"அண்டைக்குச் சத்தமாச் சொல்ல மட்டும் வந்தது" என்றாள்.

எழுந்து போனாள். பஸ் நிறுத்தம் வரை பின்னால் போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் போகாதே என்று சொல்லவில்லை.

எழுதிவிட்டேன். பன்னிரண்டு நாள் ஆனது. இனி இழந்ததைச் சொல்கிறேன்.

முத்தையா, என் கணவர், மணலில், காலை ஆறரை இருக்கும். புதைக்கவில்லை. வன்னியில் நாங்கள் வெட்டிய இரண்டு ஏக்கர் காணி. அதற்கு முன் மலையகத்தில் ஒரு லயக்காம்பிரா. சோமாவதி என்ன ஆனாள் என்று தெரியாது. மேரி. அவள் சாகவில்லை, ஐப்பசியில் போகிறாள். ஆனாலும் இதில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பிறகு, என் சொல்லைக் கேட்டு அந்த பஸ்ஸில் ஏறியவர்கள். ஒருவரும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. மேரி கேட்ட பெயர்கள். என் பிள்ளையை முதலில் போடுகிறேன். ரவி. அடுத்து அன்ரன். தபால்காரர் மகள் சுகந்தி, முடி கட்டையாக வெட்டியிருந்தாள். குமார், நந்தன், அண்ணன் தம்பி. பேக்கரியில் வேலை செய்த தவராசா, கையில் குழந்தையோடு போனார், குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஏறினார். மதி. யோகேஸ். செல்வி என்று ஒரு பிள்ளை, ஊர் தெரியாது. இவர்கள் ஒன்பது பேர். பெயர் தெரியாதவர்களில் ஒரு கையில் கட்டுப் போட்ட பையன். கண்ணாடி போட்ட ஒருவர், ஆசிரியர்போல் இருந்தார். இரண்டு பேர் ஒரே போர்வையைப் போர்த்தியிருந்தார்கள், முகம் பார்க்கவில்லை. எண்ணினால் பதின்மூன்று வருகிறது. எனக்குப் பதினான்கு என்று ஞாபகம்.

தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்க்க வேண்டும். பஸ் வெள்ளை என்கிறேன் நான். நீலம் என்பாள் மேரி. மதி மதிவதனனா மதியழகனா தெரியாது. நேரம் எல்லாம் வெயிலைப் பார்த்துச் சொன்னது, என்னிடம் கடிகாரம் இல்லை.

பதினான்காவது ஆள் ஒரு பெண். பச்சைப் பாவாடை. மேல் படியில் கால் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். விட்டுவிடுவார்கள்தானே என்று வாயசைத்தாள். நான் தலையாட்டினேன். அதற்குள் லதா மயங்கி விழுந்தாள், நான் குனிந்துவிட்டேன். நிமிர்ந்தபோது படியில் ஆள் இல்லை. அவள் உள்ளே போனாளா, இறங்கிவிட்டாளா, எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பதின்மூன்றா, பதினான்கா.